ஏற்காடு அடிவாரத்து உலகப் பயணி

தமிழ்ப் படத் துப்பறிவாளர் சி.ஐ.டி. சங்கர் உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் சேலத்தைத் தாண்டியதில்லை. விமானத்தில் ஏறுவார், பெரிய ஓட்டலில் அறை எடுப்பார், பொத்தானை அழுத்தினால் விலகுகிற சுவருக்குப் பின்னால், எதிரியின் மாளிகைக்குள் தனியாளாக நுழைவார். அத்தனை ஊர்களும் ஏற்காடு மலையின் அடிவாரத்தில், மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் மதில் சுவருக்குள் அடங்கியிருந்தன. கொங்கு நாட்டில் அறுபதுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வெளியுலகத்தை முதலில் காட்டியவர் அவர்தான். பாஸ்போர்ட் என்ற சொல்லையே நான் கொட்டகை மணலில் உட்கார்ந்துதான் கேட்டேன்.

1966-ல் அந்தக் கம்பெனி 'இரு வல்லவர்கள்', 'வல்லவன் ஒருவன்' என்று இரண்டு படங்களைக் கொடுத்தது. இரண்டிலும் ஜெய்சங்கர். முந்தைய வருடம்தான் 'இரவும் பகலும்' படத்தில் அறிமுகமாகியிருந்தார். பிறகு 'காதலித்தால் போதுமா', 'நான்கு கில்லாடிகள்', 1970-ல் 'சி.ஐ.டி. சங்கர்' என்று வரிசை நீண்டது. அவரை ஜனங்கள் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்றார்கள். 'வல்லவன் ஒருவன்' ஒரு பிரெஞ்சு உளவுப் படத்தைத் தழுவியது; மூலப்படத்தின் கதை பாங்காக்கில் நடக்கிறது. பாங்காக்கில் ஒரு பிரெஞ்சுக்காரர் எடுத்ததைச் சேலத்தில் இருந்தபடி தமிழாக்க முடியும் என்று நினைப்பதற்கே ஒரு துணிவு வேண்டும். அந்தத் துணிவு அந்த வளாகத்துக்குப் புதிதல்ல.

நிறுவனர் டி.ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர். நூல் வியாபாரக் குடும்பம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்குப் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவர், 1935-ல் சேலத்தில் ஸ்டூடியோ கட்டினார். சென்னைக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. எல்லாரையும் சேலத்துக்கு வரவழைத்தார். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த எல்லிஸ் ஆர். டங்கன் அங்கே படம் இயக்கினார். கருணாநிதி அங்கே வசனம் எழுதினார். முதல் மலையாளப் பேசும் படமான 'பாலன்' 1938-ல் அங்கிருந்துதான் போனது. 1945-ல் 'பர்மா ராணி' எடுத்தபோது ஜப்பானியர் பிடியிலிருந்த பர்மாவை அங்கேயே எழுப்பினார்கள். 1956-ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வந்தபோது பாக்தாத்தையும் எழுப்பினார்கள், அதுவும் கேவாகலரில். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் அது. தச்சர்களும் பெயின்டர்களும் பூச்சுவேலைக்காரர்களும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்து ஊர் ஊராகக் கட்டினார்கள், படம் முடிந்ததும் பிரித்தார்கள்.

துப்பறியும் படமும் அங்கே சங்கரோடு தொடங்கவில்லை. 1950-ல் 'திகம்பர சாமியார்' வந்துவிட்டது. வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் எழுதிப் புகழ்பெற்ற நாவல். சாமியார் என்ற பெயரில் உலவும் துப்பறிவாளர் கதைநாயகர். அந்த வேடத்தில் எம்.என். நம்பியார். பத்துக்கும் மேற்பட்ட மாறுவேடங்களில் வருவார். ஊட்டியில் வளர்ந்து, அங்கே முகாம் போட்ட நவாப் ராஜமாணிக்கத்தின் நாடகக் கம்பெனியில் சிறு வயதிலேயே சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றியவர் நம்பியார். ஒப்பனையும் குரல் மாற்றமும் அவருக்கு அங்கே கிடைத்த சொத்து. அதே வருடம், அதே வளாகத்தில் எடுத்த 'மந்திரி குமாரி'யில் அவர் ராஜகுரு. தமிழ்நாடு அந்த ராஜகுருவைப் பிடித்துக்கொண்டு சாமியாரை மறந்துவிட்டது. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு. வாழ்நாள் முழுக்க வில்லனாக வந்த ஒரு மனிதர், குற்றவாளியைத் தேடிப் போகும் ஆளாக எத்தனை நிதானமாக நடித்தார் என்பதை அந்தப் படத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

எங்கள் ஊர் பெருந்துறைக்குப் பக்கம். அங்கே நிரந்தரக் கொட்டகை கிடையாது, டூரிங் டாக்கீஸ்தான். லைசென்ஸ் காலம் முடிந்ததும் கீற்றையும் மூங்கிலையும் பிரித்து, ப்ரொஜெக்டரை ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். சோளத்தட்டு அறுத்த காட்டில் ஒரு வாரத்துக்குள் கொட்டகை முளைக்கும். நோம்பி முடிந்து கொஞ்ச நாளில் காணாமல் போகும். ஒரே ப்ரொஜெக்டர் என்பதால் ரீல் தீரும்போதெல்லாம் விளக்கு எரியும். துப்பறியும் படத்துக்கு அந்த இடைவெளி ஒரு வரம். கொலைகாரன் யார் என்று தரை டிக்கெட்டில் பஞ்சாயத்தே நடக்கும். என் அம்மிச்சி எப்போதும் வீட்டு வேலைக்காரரையே சந்தேகப்படுவார். அவரைத் தவறு சொல்ல முடியாது. அன்றைய கதாசிரியர்கள் பலர் அப்படித்தான் எழுதினார்கள்.

அந்தப் பஞ்சாயத்தில் என் தாய்மாமா கலந்துகொள்ள மாட்டார். அவர் சங்ககிரியில் லாரி டிரைவர். சங்ககிரியும் நாமக்கல்லும் திருச்செங்கோடும் அப்போதே லாரிகளால் பிழைக்கத் தொடங்கிவிட்ட ஊர்கள். மாமா நாக்பூர் போவார், கல்கத்தா போவார், ஒருமுறை அஸ்ஸாம் எல்லை வரைக்கும் போய்விட்டு ஒடம்பெல்லாம் இளைத்துத் திரும்பினார். ஊரில் இருக்கும் நாட்களில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வருவார். கதையைவிட்டுவிட்டுத் திரையின் ஓரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சங்கர் ஏதோ வடக்கத்தி மலைப்பாதையில் எதிரியின் காரைத் துரத்திக்கொண்டிருந்தபோது மாமா என் காதருகே குனிந்தார்.

"கண்ணு, அது நம்ம ஏற்காட்டு வளைவுடா."

"இல்லீங் மாமா, இமயமலைன்னு சொன்னாங்களே."

"அந்தச் செவுத்தப் பாரு. கருங்கல்லு மேல வெள்ளப் பட்டை அடிச்சிருக்குது பாரு. காப்பிக்கொட்டை ஏத்தப் போனப்ப அங்கதான் எம்பட வண்டி ரேடியேட்டர் காஞ்சு நின்னுச்சு. ராத்திரி முச்சூடும் அந்தச் செவுத்துலதான் சாஞ்சு உக்காந்திருந்தேன்."

அதை அவர் ஏமாற்று என்று சொல்லவில்லை. முகத்தில் பெருமைதான் இருந்தது. இந்தியா பூராவும் சுற்றியவருக்குத் தான் வண்டியோடு நின்ற இடத்தை இமயமலை என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சந்தோஷம். எனக்கு அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்தது: எந்தப் படம் பார்த்தாலும் நாயகனுக்குப் பின்னால் இருப்பதைப் பார்ப்பேன். துப்பறிவதன் பாலபாடம் அதுதான் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். மாமா எந்தத் துப்பறியும் நாவலையும் படித்தவரல்ல. கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான்.

கார் ஓடும் காட்சிகளில் பாதி, கார் ஓடாமலே எடுத்தவை. ஸ்டூடியோ தளத்தில் காரை நிறுத்தி, அதற்குப் பின்னால் ஒளி ஊடுருவும் பெரிய திரை ஒன்றைக் கட்டுவார்கள். திரையின் மறுபுறத்திலிருந்து ஒரு ப்ரொஜெக்டர், முன்பே எடுத்துவைத்த சாலைக் காட்சியை அதன்மேல் வீழ்த்தும். ப்ரொஜெக்டரும் கேமராவும் இமைக்கு இமை ஒத்து ஓட வேண்டும். ஒரு நொடியின் சிறு பங்கு பிசகினாலும் பின்னால் உள்ள சாலை விட்டுவிட்டு மின்னும். காரின் பம்பரைப் பிடித்து இரண்டு பேர் ஆட்டுவார்கள். மேலே இருந்து ஒருவர் மரக்கிளையை அசைத்து, கண்ணாடியில் நிழல் ஓடவிடுவார். இதை நன்றாகச் செய்தால் பார்ப்பவருக்கு வயிற்றில் குழி விழும். மோசமாகச் செய்தால் சாலை இடப்பக்கம் திரும்ப, நாயகன் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிப்பார். மாமாவுக்கு அது மட்டும் பொறுக்காது. "அப்படி ஒடிச்சா வண்டி பள்ளத்துல கெடக்கும்" என்று கொட்டகைக்கே கேட்கும்படி சொல்லுவார்.

உலகத்துக்கே அன்று அதுதான் வழி. ஹாலிவுட்டில் 1931 முதல் பாக்ஸ் கம்பெனி எடுத்த சார்லி சான் படங்களை நான் பார்த்தது வெகு பிந்தி, கணினியில். ஹொனலுலு போலீசைச் சேர்ந்த சீனத் துப்பறிவாளர். 1934-ல் லண்டன், 1935-ல் பாரிஸ், எகிப்து, ஷாங்காய், 1937-ல் மான்டி கார்லோ, பெர்லின் ஒலிம்பிக்ஸ் என்று படத்துக்கு ஓர் ஊர் போவார். எல்லா ஊரும் கலிபோர்னியாவில் அந்த ஸ்டூடியோ வளாகத்துக்குள் இருந்தன. முதல் காட்சியில் கப்பலோ விமானமோ நகரும். வரைபடத்தில் ஒரு கோடு ஊரும். அடுத்த நொடி ஓட்டல் வரவேற்பறை. சேலத்தின் இலக்கணமும் இதேதான். ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. அந்தச் சீனரின் வேடத்தில் நடித்தவர் வார்னர் ஓலண்ட் என்ற ஸ்வீடன்காரர். சீன அமெரிக்கரான கீ லூக்குக்குக் கிடைத்தது மகன் வேடம். ஊர்களைப் போலியாகக் கட்டுவது கலை. ஒரு இனத்தின் முகத்தையே வேறொருவர் பூசிக்கொள்வதை நான் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

எழுபதுகளில் கோவையில் கல்லூரிக்கு வந்தேன். அன்றைய கோவைக்கே ஒரு சினிமாப் பாரம்பரியம் இருந்தது. ஊருக்கு வந்து சேர்ந்த நாங்கள் அது தெரியாமலே அதன்மேல் நடந்துகொண்டிருந்தோம். வெரைட்டி ஹால் ரோடு என்பது விடுதிக்குப் போகும் வழியில் ஒரு பெயர், அவ்வளவுதான். 1905-ல் திருச்சி ரயில்வேயில் வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ப்ரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கி, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, வடமேற்கு எல்லை வரைக்கும் படம் காட்டிக்கொண்டு போனார் என்பதும், அலைந்து முடித்துச் சொந்த ஊரான கோவையில் 1914-ல் வெரைட்டி ஹாலைக் கட்டினார் என்பதும் பிறகு தெரிந்த கதைகள். சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ இருந்தது, எம்.ஜி.ஆர். முதன்முதலில் நாயகனான 'ராஜகுமாரி' அங்கே எடுத்தது. பட்சிராஜா ஸ்டூடியோவில் ஸ்ரீராமுலு நாயுடு 'மலைக்கள்ளன்' எடுத்தார், 1954-ல். நாமக்கல் கவிஞரின் நாவல், கருணாநிதியின் வசனம். அந்தக் கள்ளனும் வேடம் மாற்றி ஊரை உளவு பார்க்கிறவன்தான்.

கோவையில்தான் 'மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' பார்த்தேன். 1974-ல் சிட்னி லூமெட் எடுத்த படம். எங்கள் ஊருக்கு வரக் காலம் பிடித்தது. ஆங்கிலத்தில் பாதி புரியவில்லை, அதிலும் ஆல்பர்ட் ஃபின்னி நடித்த துப்பறிவாளர் ஹெர்குல் பாய்ரோ பேசுவது பிரெஞ்சு கலந்த ஆங்கிலம். ஆனால் பனியில் சிக்கி நிற்கும் ரயிலும், வெளியே போகவோ உள்ளே வரவோ முடியாத ஒரு பெட்டியும், அதற்குள் ஆளுக்கொரு தேசத்து முகங்களும் எவருக்கும் புரியும். ஈரோடு ஜங்ஷனில் இஞ்சின் மாற்ற நிற்கும் ரயிலில் உட்கார்ந்திருந்த எங்கள் யாருக்கும், எதிர் இருக்கையில் தூங்குகிறவர் யாராக இருப்பார் என்ற யோசனை அதன்பிறகு வராமல் இருந்ததில்லை. படத்தில் வந்த ரயில் பெட்டிகளின் உட்புறமும் லண்டனுக்குப் பக்கத்தில் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் அமைத்தவைதான்.

அப்புறம் 1978. அந்த வருடம் எல்லாரும் உண்மையாகவே கிளம்பிவிட்டார்கள். 'டெத் ஆன் தி நைல்' படத்தில் பாய்ரோவாக நடிக்கப் பீட்டர் உஸ்தினோவ் எகிப்துக்கே போய், நைல் நதியில் நீராவிக் கப்பலில் மிதந்தார். அதே வருடம் சுஜாதாவின் வக்கீல் கணேஷாக ரஜினிகாந்த் 'ப்ரியா'வில் சிங்கப்பூரில் இறங்கினார். எஸ்.பி. முத்துராமன் இயக்கம். வக்கீல் கணேஷும் துப்பறிகிறவர்தான். திரையில் பார்த்த சிங்கப்பூர் நிஜச் சிங்கப்பூர். கட்டடங்களுக்கு நிழல் சரியான பக்கம் விழுந்தது. தியேட்டரில் பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். நானும்தான். சேலத்துக்கு அது நல்ல சேதி அல்ல என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. டி.ஆர். சுந்தரம் 1963-லேயே காலமாகிவிட்டார். பிள்ளைகள் கைக்கு வந்த கம்பெனிதான் சங்கர் படங்களைக் கொடுத்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் அதன் ஓட்டம் நின்றது. வெளியூர் போய் எடுப்பது சுலபமானபோது, வெளியூரைக் கட்டித் தருகிறவருக்கு வேலை இல்லாமல் போயிற்று.

இந்த வகைக் கதையில் துப்பறிவாளர் ஏன் பயணியாக இருக்கிறார்? இதை நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். எங்கள் பக்கத்து ஊர்களில் புதிதாக ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்தால், தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்பார்கள்: எந்த ஊருங்க, யாரு வீட்டுக்குங்க, அவங்க உங்களுக்கு என்ன ஆகோணும்? நாலாவது கேள்வி முடிவதற்குள் அவர் யாருக்கோ மாமனாகவோ பங்காளியாகவோ ஆகியிருப்பார். உறவு தெரிந்துவிட்டால் உபசாரம் பெருகும். கூடவே வாயும் கட்டுண்டு போகும். மாமன் மச்சானிடம் நேற்று ராத்திரி நீ எங்கே இருந்தாய் என்று கேட்க முடியாது. கேட்டால் அது விசாரணை ஆகாது, பகையாகிவிடும். ஊருக்கே தெரிந்த ரகசியம் ஊருக்குள்ளேயே செத்துப்போவது இப்படித்தான். பாய்ரோவை அந்தக் கப்பலில் யாரும் மாமா என்று கூப்பிடப் போவதில்லை. அவர் யார் வீட்டிலும் பெண் எடுத்தவரல்ல, கொடுத்தவருமல்ல. சீமாட்டியிடம் கேட்கும் கேள்வியை வேலைக்காரப் பெண்ணிடமும், அவளிடம் கேட்பதைச் சீமானிடமும் அதே குரலில் கேட்க முடிகிறது. வந்த ஆள், போகிற ஆள். அதனால்தான் அவரிடம் நியாயம் கேட்க முடிகிறது.

மாறுவேடத்தில் அலையும் திகம்பர சாமியாரும், உறவு சொல்லாத சங்கரும் எங்கள் ஊர்ச் சிறுவர்களை அப்படி ஈர்த்ததற்குச் சண்டைக் காட்சிகள் மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. யாருக்கும் கடன்படாமல் கேள்வி கேட்கும் ஒரு மனிதனை நாங்கள் வேறு எங்கும் பார்த்ததில்லை.

அந்த மனிதனின் தேவை படத்தோடு முடியவில்லை. 2015-ல் பொறியியல் படித்த தலித் இளைஞர் ஒருவர், தன்னோடு படித்த பெண்ணுடன் திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குப் போனார். மறுநாள் ரயில் தண்டவாளத்தில் அவர் உடல் கிடந்தது. கோயிலின் கண்காணிப்புக் கேமராவில் பதிந்திருந்த காட்சிகள் வழக்கின் முதுகெலும்பாயின. முக்கியமான சாட்சி நீதிமன்றத்தில் பிறழ்ந்தார். வழக்கு நாமக்கல்லில் நடந்தால் நியாயம் கிடைக்காது என்று இளைஞரின் தாய் முறையிட்டார். உயர் நீதிமன்றம் அதை மதுரைக்கு மாற்றியது. 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை. திருச்செங்கோடு டி.ஆர். சுந்தரத்தின் சொந்த ஊர். அங்கே நடந்த குற்றத்தைச் சொல்ல மனிதர்கள் வாய் திறக்கவில்லை. உறவுமுறை இல்லாத ஒரு கேமரா சொன்னது. நியாயம் கிடைக்க வழக்கே ஊரைவிட்டு வெளியூர் போக வேண்டியிருந்தது. பர்மாவையும் பாக்தாத்தையும் கட்டிய மண், தன் சொந்தக் குற்றங்களைப் படமாக்கியதே இல்லை என்பதை அந்தத் தீர்ப்பு வந்த அன்று நினைத்துக்கொண்டேன். நினைக்க நினைக்கக் கசந்தது.

சேலத்து ஸ்டூடியோ ஓய்ந்த பிறகு துப்பறிகிறவர்கள் புத்தகத்தில் இருந்தார்கள். கோவைக்காரரான ராஜேஷ்குமாரின் பாக்கெட் நாவல்கள் காந்திபுரம் பஸ் நிலையத்துக் கடைகளில் கயிற்றில் தொங்கின. ஆயிரத்தைந்நூறுக்கும் மேல் நாவல் எழுதியவர் அவர். அவருடைய விவேக்கும் ரூபலாவும் ஈரோடு பஸ்ஸிலும் பொள்ளாச்சி பஸ்ஸிலும் எத்தனையோ பேரின் மடியில் பயணம் போனார்கள். மில்லில் ஷிப்ட் முடிந்து வருகிறவர் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, சிங்காநல்லூரில் பிரித்து, பல்லடத்தில் கொலைகாரனைப் பிடித்து, புத்தகத்தைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். கோவை மனிதர் ஒருவர் கோவையில் உட்கார்ந்து எழுதினார் என்பதே அன்று எங்களுக்குப் பெரிய விஷயம்.

2016 டிசம்பர் கடைசியில் 'துருவங்கள் பதினாறு' வந்தது. இயக்கிய கார்த்திக் நரேன் கோவைப் பையன், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர். கதை கோவையில் நடக்கிறது. ரகுமான் நடித்த தீபக், ஓய்வுபெற்ற போலீஸ்காரர்; பழைய வழக்கு ஒன்றை நினைத்துப் பார்த்துச் சொல்கிறார். ஒரு மழை இரவு, ஒரு குடியிருப்பு, ஒரு கார். பாட்டே இல்லை. 1954-ல் எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' படத்தில் பாட்டில்லாமல் துப்பறிய வைத்தபோது அது எத்தனை பெரிய துணிச்சலோ, அதே துணிச்சல் அறுபது வருடம் கழித்தும் தேவைப்பட்டது. இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது எனக்கு உண்மையாகவே மனம் நிறைந்திருந்தது. துப்பறிகிறவருக்குப் பாஸ்போர்ட் தேவைப்படவில்லை. குற்றம் எங்கள் தெருவில், பதில் எங்கள் தெருவில். கோவையைக் கோவையாகவே வைத்து, அதன் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டாகிவிட்டது. சேலம் செய்யாததை ஒரு கல்லூரி வயதுப் பையன் செய்துவிட்டான்.

வெளிநாட்டில் இதற்கு நேர் எதிராக நடந்துகொண்டிருக்கிறது. கென்னத் பிரானா 2017-ல் ஓரியன்ட் எக்ஸ்பிரஸை மறுபடி ஓடவிட்டபோது, ரயில் பெட்டியை ஸ்டூடியோவில் நிறுத்தி, ஜன்னல்களுக்கு வெளியே எல்.இ.டி. திரைகளில் நியூசிலாந்தில் எடுத்த பனிமலைகளை ஓடவிட்டார்கள். அவருடைய நைல் படம் 2022-ல் வந்தது; கப்பலை முழு அளவில் இங்கிலாந்தில் லாங்கிராஸ் ஸ்டூடியோவில் கட்டினார்கள். உஸ்தினோவ் நிஜ நதிக்குப் போனார். நாற்பது வருடம் கழித்து, போக ஆயிரம் விமானம் இருக்கும் காலத்தில், பாய்ரோ ஸ்டூடியோவுக்குத் திரும்பிவிட்டார். தொழில்நுட்பம் என்னவோ புதிது. வேலை அதே வேலைதான்: நிற்கும் வண்டி, பின்னால் ஓடும் மலை. இதை எங்கள் ஊர் ஆட்கள் மரச்சட்டத்தையும் துணியையும் வைத்துச் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் யார் பெயரும் இன்று யாருக்கும் தெரியாது. டைட்டிலில் உதவி என்று கும்பலாக ஓடிய பெயர்களைப் படிக்கும்முன் அடுத்த அட்டை வந்துவிடும்.

சேலத்தில் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் முகப்பு வளைவு நிற்கிறது. அதற்குள்ளே இப்போது வீடுகள். பர்மாவும் பாக்தாத்தும் நின்ற இடத்தில் துணி காய்கிறது, பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். வெளியூர்க்காரர்கள் வளைவின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு மலை ஏறிவிடுகிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் பிறந்த வளாகம். அந்தத் துப்பறியும் படங்களை மட்டுமாவது நல்ல பிரதிகளாகச் சுத்தம் செய்து, அந்த ஊர்த் தியேட்டரிலேயே ஒரு வாரம் ஓட்டிக் காட்ட வேண்டும். எந்தக் காட்சி எந்தத் தளத்தில் எடுத்தது, எந்தச் சாலை எந்த மலை என்று சொல்லத் தெரிந்த கிழவர்கள் இன்னும் ஓரிருவராவது இருக்கும்போதே கேட்டுப் பதிந்துவிட வேண்டும். இதை அரசாங்கம்தான் செய்ய வேண்டும் என்றில்லை. சேலத்திலும் கோவையிலும் காட்சித் தொடர்பியல் படிப்பு நடத்தும் கல்லூரிகள் இருக்கின்றன.

என் பேத்தி அப்படி ஒரு படிப்பில்தான் இருக்கிறாள். போன வருடம் அவளோடு ஏற்காடு போனேன். மாமாவின் கதையை அவளுக்கு முன்பே சொல்லியிருந்தேன். யூடியூபில் அந்தப் பழைய படத்தைத் தேடிப் பிடித்து, துரத்தல் காட்சியை நிறுத்தி நிறுத்தி, தடுப்புச்சுவரும் பின்னால் பாறையும் தெரிகிற நாலு இடங்களைப் படமாக எடுத்து வைத்துக்கொண்டு வந்திருந்தாள். இருபது கொண்டை ஊசி வளைவுகள். இப்போது ஒவ்வொன்றுக்கும் எண் பலகை உண்டு. வளைவுக்கு வளைவு காரை ஓரங்கட்டச் சொல்லி இறங்கினாள். சாலையை அகலப்படுத்தியதில் சுவர் புதிது, ஆனால் பாறை மாறாது என்பது அவள் வாதம். பாறையின் விரிசலைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள், நிமிர்ந்து மலையைப் பார்த்தாள், மறுபடி திரையை.

"அப்புச்சி, இதேதானுங்க. இந்த விரிசல் இடதுபக்கம் வளைஞ்சு ரெண்டாப் பிரியுது பாருங்க."

எனக்கு இன்னும் மேலே இருக்கும் ஒரு வளைவில் என்று தோன்றியது. அங்கே பள்ளத்தாக்கு இன்னும் திறந்து தெரியும். சொன்னேன். அவள் ஒப்பவில்லை, நிழல் விழும் திசையை வைத்து, காட்சி எடுத்தது காலையா மாலையா என்று கணக்குப் போடத் தொடங்கினாள். பின்னால் காப்பித் தோட்டத்துக்கு உர மூட்டை ஏற்றிவந்த லாரி ஒன்று ஹார்ன் அடித்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, வளைவில் வண்டியை நிறுத்துவீங்களா என்று கத்தினார். அவள் ஓடிப்போய் போனை அவரிடம் காட்டி, "அண்ணா, இது எந்த வளைவுன்னு பார்த்துச் சொல்றீங்களா?" என்று கேட்டாள். அவர் இஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.